குறுயிழையைத் தேடிப் போன கொலஸ்ட்ரால்

27 கார்பன் அணுக்கள் கொண்ட கொலஸ்ட்ரால் மூலக்கூறு பிறப்பது செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையில். இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் துண்டுகளில் தொடங்கும் வேலை, ஏறக்குறைய 30 படிகளைத் தாண்டியே முடிகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி வேண்டும். இந்தப் பாதையைத் துலக்கியதற்காகக் கொன்ராட் பிளாக், ஃபியோடர் லைனன் இருவருக்கும் 1964-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே ஆண்டில் ஸ்மித், லெம்லி, ஓப்பிட்ஸ் என்ற மூன்று மருத்துவர்கள் ஒரு பிறவிக் குறைபாட்டை விவரித்தார்கள். காலின் இரண்டாம், மூன்றாம் விரல்கள் ஒட்டியிருக்கும். சில குழந்தைகளுக்கு அண்ணம் பிளந்திருக்கும். மூளை வளர்ச்சி குன்றியிருக்கும். காரணம் தெரிய 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொலஸ்ட்ரால் உருவாகும் பாதையின் கடைசிப் படியில் ஒரே ஒரு நொதி பழுது. ஒரு கொழுப்பு முழுமையடையாமல் போனால் விரல்கள் ஏன் பிரியாமல் போக வேண்டும்? பிறந்த மூலக்கூறு அடுத்து எங்கே போகிறது என்று பார்த்தால் விடை தெரியும்.

அது செல்லின் வெளிச்சவ்வுக்குப் போகிறது. ஆனால் அங்கு வந்து சேர்ந்ததெல்லாம் வேலைக்குக் கிடைத்துவிடாது. ஸ்பிங்கோமையலின் என்ற இன்னொரு கொழுப்பு, கொலஸ்ட்ராலின் ஒரு பகுதியைத் தன்னோடு இறுகப் பிடித்துக்கொள்கிறது. பிடியில் சிக்காமல் எஞ்சும் சிறு பங்குதான் பிற புரதங்களின் கைக்கு எட்டும்.

அந்தப் பங்கிலிருந்து நம் மூலக்கூறு சென்று சேரும் இடம் முதன்மைக் குறுயிழை. நம் உடலின் பெரும்பாலான செல்களில், செல்லுக்கு ஒன்றாக நீண்டிருக்கும் நுண்ணிய மயிர் அது. நீளம் சில மைக்ரான்தான். உள்ளே வட்டமாக ஒன்பது ஜோடி நுண்குழல்கள் நிற்கும். 1898-இல் சிம்மர்மன் இதை விவரித்தார். அதன்பின் பல பத்தாண்டுகள், பயனற்றுப்போன எச்ச உறுப்பு என்றே இதைப் பலரும் ஒதுக்கிவைத்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது 2003-இல் கேத்ரின் ஆண்டர்சனின் ஆய்வுக்குழு. குறுயிழை சரியாக உருவாகாத எலிக்கருக்களில் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞையும் செயலிழந்துபோவதை அவர்கள் கண்டார்கள். கருவில் எந்த விரல் எங்கே, மூளை எப்படி இரண்டாகப் பிரிய வேண்டும் என்பதை வகுப்பதில் இந்தச் சமிக்ஞைக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கே கொலஸ்ட்ராலுக்கு இரண்டு வேலைகள். முதலாவது, ஹெட்ஜ்ஹாக் புரதத்தின் வாலில் அது வேதிப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்கிறது. 1996-இல் பிலிப் பீச்சியின் குழு இதை வெளியிட்டபோது, ஒரு புரதம் கொலஸ்ட்ராலை இப்படி வேதிப் பிணைப்பாகவே சுமந்து திரிவது புதுச் செய்தி. இரண்டாவது வேலை, செய்தியைப் பெறும் செல்லின் குறுயிழையில் நடக்கிறது. அங்கே பேட்ச்டு என்றொரு புரதம் காவல் இருக்கிறது. ஓட்டைப் படகில் ஊறும் நீரை ஓயாமல் இறைப்பதுபோல, சவ்விலிருந்து எட்டும் நிலையிலுள்ள கொலஸ்ட்ராலை அது அகற்றிக்கொண்டே இருப்பதாகச் சான்றுகள் காட்டுகின்றன. ஹெட்ஜ்ஹாக் வந்து பற்றியதும் பேட்ச்டின் வேலை நின்றுவிடும். அது குறுயிழையை விட்டே விலகும். தடை நீங்கியதும் ஸ்மூத்தன்ட் என்ற அடுத்த புரதம் கொலஸ்ட்ராலைப் பற்றிக்கொண்டு விழிக்கிறது, குறுயிழையில் குவிகிறது. அங்கிருந்து GLI என்னும் புரதங்கள் வழியாகச் செய்தி உட்கருவை எட்டி, மரபணுக்களை முடுக்குகிறது. ஸ்பிங்கோமையலினைக் குறைத்தால் இதே சமிக்ஞை ஓங்குவதைச் செல்களில் கண்டிருக்கிறார்கள்.

இந்த வழியை அடைத்தால் என்ன நேரும் என்பதை அமெரிக்காவின் ஐடஹோ மலை மேய்ச்சல் நிலங்கள் முன்பே காட்டியிருந்தன. 1950-களில் அங்கே நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. வேளாண் துறை விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் மந்தைகளைப் பின்தொடர்ந்து, சினை ஆடுகள் சினைக்காலத்தின் 14-ஆம் நாளை ஒட்டி ஒரு காட்டுச்செடியைத் தின்றதே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதன் நஞ்சுக்கு சைக்ளோபமைன் என்று பெயரிட்டார்கள். கொலஸ்ட்ராலைப் போன்றே ஸ்டீராய்டு உடற்கட்டு கொண்ட அது ஸ்மூத்தன்டில் போய் ஒட்டி, அதை முடக்கிவிடுகிறது. அடித்தள செல் தோல் புற்றுநோயில் நிலைமை தலைகீழ். அங்கே பெரும்பாலும் பேட்ச்டு மரபணு பழுதாகி, சமிக்ஞை நிற்காமல் ஓடும். ஸ்மூத்தன்டை அடைக்கும் விஸ்மோடெகிப் மருந்து முற்றிய நோயாளிகளுக்காக 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஸ்மூத்தன்டுக்கு வேண்டிய கொலஸ்ட்ரால் போதாமல் பிறந்த ஸ்மித்-லெம்லி-ஓப்பிட்ஸ் குழந்தைகளுக்கு இன்று உணவோடு கொலஸ்ட்ரால் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ரத்தத்தில் அளவு உயர்கிறது. ஆனால் ரத்தக் கொலஸ்ட்ரால் மூளைக்குள் புகுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ள வேண்டும். கருவறையில் தவறிப்போன நாட்களையும் எந்த உணவாலும் ஈடுகட்ட முடியாது. எவ்வளவு கொலஸ்ட்ரால் என்று மட்டும் கேட்டுப் பழகிய நாம், எந்தச் சவ்வில், எந்த நாளில், யார் கைக்கு எட்டும் நிலையில் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு கரு முழு உருவம் பெறுவது அந்தக் கேள்விகளின் விடையைப் பொறுத்தது.