சினத்தை ஆண்ட முன்னோர்

நம் கல்விச் சங்கம் தன் இருபத்தைந்தாம் ஆண்டை நிறைவு செய்யும் இந்நன்னாளில், எழுப்பிய கட்டடங்களையும், தேர்ச்சி பெற்ற மாணவர்களையும், அரசுப் பணியில் அமர்ந்த பிள்ளைகளையும் எண்ணி மகிழ்வது இயல்பே. எனினும் இம்மகிழ்ச்சியினிடையே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. இழிவு செய்யப்பட்ட மக்கள் தம் நெஞ்சில் எழும் சினத்தை என்ன செய்வது? விழுங்குவதா, வீசுவதா? இவ்விரண்டுமல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டா? இவ்வினாவிற்கு விடை தேடி நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து புகைவண்டியேறித் தெற்கே சிங்கப்பெருமாள் கோயிலையும் செங்கற்பட்டையும் சென்று சேர்வதற்குள் கடந்துவிடும் நிலப்பரப்பிலேயே அவ்விடை எழுதப்பட்டிருக்கிறது. அதனைப் படித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடங்கிப்போதல் வேறு, அடக்கம் வேறு

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கிறிஸ்தவம் நம் மக்களைக் கோழைகளாக்கிற்று என்று கூறுவோர் உளர். மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன மார்க்கம், அடிப்பவனுக்கே அனுகூலமன்றோ என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆனால் மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன அதே இயேசுநாதர், பிரதான ஆசாரியனுக்கு முன்பாகச் சேவகன் ஒருவன் தம்மை அறைந்தபோது என்ன செய்தார்? கையை ஓங்கினாரில்லை, தலை குனிந்து போனாருமில்லை. தாம் பேசியதில் தவறிருந்தால் அதனை மெய்ப்பிக்குமாறும், தவறில்லையேல் தம்மை ஏன் அடித்தாய் என்றும் அவனையே வினவினார் என்று யோவான் சுவிசேஷம் சொல்லுகிறது. அறைந்தவனிடம் காரணம் கேட்பது பணிவன்று. அவனை நியாயத்தின் முன் நிறுத்துவது. இச்சையடக்கம் என்று பவுல் அப்போஸ்தலன் ஆவியின் கனிகளுள் இறுதியாக வைத்துப் போற்றியது இத்தகைய வலிமையையே என்பது நம் துணிபு.

மோசேயின் வரலாறும் இதனையே உணர்த்தும். தன் இனத்தான் ஒருவன் அடிபடக் கண்டு பொங்கிய சினத்தால் எகிப்தியன் ஒருவனைக் கொன்று மணலில் புதைத்தான் அவ்விளைஞன். அதனால் ஓர் அடிமையேனும் விடுதலை பெற்றானா? இல்லை, மோசேதான் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. ஆண்டுகள் பல கழித்து அதே மனிதன், அதே சினத்தை அடக்கி ஆண்டு, பார்வோனின் அரியணைக்கு முன்னே நேரே சென்று நின்று, தன் மக்களை அனுப்பிவிடுமாறு கேட்டான். அன்றே விடுதலையின் கதவு அசைந்தது.

வெகுளாமை என்னும் அதிகாரத்தின் தொடக்கத்தில் வள்ளுவப் பெருந்தகை நுட்பமான கருத்தொன்றை வைக்கிறார். சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதனைக் காப்பவனே உண்மையில் காப்பவன். பலிக்காத இடத்தில் காத்தாலென்ன, காக்காவிடிலென்ன என்பது அது. நம் பாட்டன் பூட்டன்மார் சினம் பலிக்காத இடத்தில் நிறுத்தப்பட்டிருந்தவர்கள். அவர்கள் அடக்கத்தை இயலாமை என்று உலகம் எள்ளியதற்குக் காரணமும் அதுவே. அவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதை வரலாறு காட்டட்டும்.

மிராசும் சேரியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் செங்கற்பட்டு மாவட்டத்தில் நிலமென்பது மிராசுதாரர்களின் உரிமையாக இருந்தது. தரிசு நிலத்தைப் பயிரிட விரும்பி எவரேனும் தர்க்காஸ்து கொடுத்தால், அந்நிலத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை மிராசுதாரருக்கு உண்டு. ஆகவே, பறையர் ஒருவர் துணிந்து மனுச் செய்தாலும் அம்மனு அவருக்கு நிலமாக மாறுவது அரிது. அதனினும் கொடியது, அவர் குடியிருந்த சேரி மனைகூட அவருடையதாக இல்லாமை. பண்ணையாரின் மனம் கோணினால் குடிசையையே பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். திருமணத்திற்கோ இழவிற்கோ வாங்கிய சிறு கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் படியாளாய் உழைத்தோர் பலர். இவற்றுக்கெல்லாம் மேலாக 1876ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் வந்து, ஏற்கெனவே அரை வயிறாய்க் கிடந்த சேரிகளைச் சூறையாடிச் சென்றது.

இத்தகைய நிலையில் ஒருவன் கை ஓங்கினால் விளைவு யாது? ஒருவனுக்காகச் சேரி முழுவதும் வீடிழக்கும். ஆகவே அவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் வாயைக் கட்டிக்கொள்ளவில்லை. இவ்வேறுபாட்டை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

சினம் மனுவாயிற்று

1880களிலும் 1890களிலும் இம்மாவட்டத்துச் சேரிகளிலிருந்து மக்கள் மிஷன் வாசல்களை நாடிச் சென்றனர். செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீன சபையைச் சார்ந்த ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பகுதியில் வெஸ்லியன் சபையைச் சார்ந்த வில்லியம் கௌடியும் அவர்களுக்குச் செவி கொடுத்தவர்கள். சோற்றுக்காகப் போனார்கள் என்று ஏளனம் செய்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். தம்மை மனிதராக மதித்து நாற்காலியில் அமர்ந்தவர் தம் குறையைக் காகிதத்தில் எழுதிக்கொள்வதை வாழ்நாளில் முதன்முறையாகக் கண்ட மக்களின் உள்ளத்தை அவ்வேளனக்காரர் அறியார். மனை பறிபோனது, தர்க்காஸ்து தள்ளப்பட்டது, பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியதற்காக வேலை மறுக்கப்பட்டது என்று சேரியில் சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லும் சாட்சியமாகத் திரண்டது. சென்னை மிஷனெரி மாநாடு 1891ஆம் ஆண்டில் பறையர் நிலை குறித்து அரசாங்கத்திற்கு விண்ணப்பம் அளித்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்கீர், இம்மாவட்டப் பறையர்களைப் பற்றிய தம் குறிப்பினை அரசாங்கத்தின் முன் வைத்தார். குடியிருப்பு மனை, பயிர் நிலம், பள்ளி, படியாள் கடன் ஆகிய அனைத்தையும் அவர் அதில் எடுத்தோதினார்.

அவர் கேட்டவை அனைத்தையும் அரசாங்கம் ஏற்றுக்கொண்டதில்லை. எனினும் 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணையின் வழியே, ஒடுக்கப்பட்டோருக்கென நிலம் ஒதுக்கும் ஏற்பாடு உருவாயிற்று. இதுவே பின்னாளில் பஞ்சமி நிலம் என்று வழங்கலாயிற்று. முதற் பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தை எவருக்கும் கைமாற்றலாகாது. அதன் பின்னரும் அவ்வகுப்பாருக்கன்றிப் பிறருக்கு விற்றல் செல்லாது என்பன அதன் நிபந்தனைகள். தமிழகமெங்கும் இவ்வாறு ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகக் கூறுவர். நிலத்தோடு கல்வியும் வந்தது. 1893ஆம் ஆண்டின் அரசாணையொன்று பஞ்சமர் பள்ளிகளுக்கு ஊக்கமளித்தது. ஆண்ட்ரூ, சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகே மெல்ரோசாபுரம் என்னும் உழவர் குடியிருப்பை 1890களில் நிறுவினார்.

ஒரு தடியும் ஓங்கப்படாமல் ஓர் அரசாங்கத்தையே அசைத்த நிகழ்ச்சி இது. ஆண்ட்ரூவின் பெயரும் திரமென்கீரின் பெயரும் ஏட்டில் உள்ளன. வேலை போகுமென்று தெரிந்தும், குடிசை பிரிக்கப்படுமென்று தெரிந்தும், அவர்களுக்கு முன்பாக வந்து நின்று உண்மையை உரைத்த நம் முன்னோரின் பெயர்களோ ஏட்டில் இல்லை. அச்சாட்சிகள் இன்றேல் அவ்விண்ணப்பமும் இல்லை, அவ்வாணையும் இல்லை. சினத்தை ஆளுதல் என்பது இதுவே.

இவ்வழியைக் கிறிஸ்தவர் மட்டுமே கண்டனர் என்று பெருமை பேசுவது நம் கருத்தன்று. இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், 1893இல் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். வசவாக எறியப்பட்ட சொல்லை எடுத்துத் தலைப்பாகச் சூடிய அவர், பொதுச்சாலைகளும் பொதுக்கிணறுகளும் எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924இல் சட்டசபையில் நிறைவேறச் செய்தார். பரங்கிமலையில் பிறந்து வெஸ்லியன் பள்ளியில் பயின்ற எம்.சி. ராஜா அவர்கள், 1922இல் ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஆவணங்களில் ஏறச் செய்தார். வசைக்கு வசை சொல்லாமல், வசையே செல்லாதபடி செய்த பெருமக்கள் இவர்கள்.

குறைகளையும் கூறுவோம்

உண்மையை மறைத்து எழுதுவது வரலாறாகாது. பொறுமையைப் போதித்த மிஷனெரிமாருள், எசமானனுக்குக் கீழ்ப்படிவதையே பக்தியென்று போதித்தோரும் உண்டு. திருச்சபைக்குள்ளேயே சாதி குடிபுகுந்து, தனி இருக்கைகளும் தனிக் கல்லறைகளும் ஏற்பட்ட அவலத்தையும் நாம் அறிவோம். அடக்கம் என்னும் போதனை அடிபட்டவனுக்கு மட்டுமே சொல்லப்பட்டு, அடித்தவனுக்குச் சொல்லப்படாமற் போகுமானால் அது சுவிசேஷமன்று. மேலும், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, மதம் மாறிய நம் மக்களுக்கு அட்டவணைச் சாதியினர் என்னும் தகுதியை மறுத்தது. சீக்கியருக்கு 1956இலும், பௌத்தருக்கு 1990இலும் அத்தகுதி நீட்டிக்கப்பட்ட பின்னரும், கிறிஸ்தவருக்கு அது கிட்டவில்லை. தெருவில் சாதி சொல்லி இழிவு. அலுவலகத்தில் மதம் சொல்லி மறுப்பு. இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்கி நிற்பவர்களிடம் சினம் கூடாதென்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? சினம் கூடாதென்று நாமும் சொல்லவில்லை. சினங்கொண்டாலும் பாவஞ்செய்யலாகாது என்றே வேதமும் எச்சரிக்கிறது.

முன்னோர் மனுச் செய்து பெற்ற நிலமும் நிலைக்கவில்லை. நிபந்தனைகளை மீறிப் பஞ்சமி நிலங்கள் பல பிறர் கைக்குப் போயின. அவற்றை மீட்கவேண்டி இம்மாவட்டத்துக் காரணையில் எழுந்த போராட்டத்தின்போது, 1994 அக்டோபர் 10ஆம் நாள் காவல்துறையினர் துப்பாக்கியால் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரும் உயிர் நீத்தனர். அவ்விரு பெயர்களையும் சேர்த்து ஒருமுறை உச்சரித்துப் பாருங்கள். மதத்தால் நம்மைப் பிரிக்க எண்ணுவோர்க்கு அவ்விணைப்பே விடையாகும். அவர்கள் கேட்டது பிறர் உடைமையை அன்று. 1892இன் ஆணை தந்த உரிமையை.

நம் சங்கம் கற்ற பாடம்

நம் சங்கத்தின் தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்ததொன்றை இங்குக் குறிப்பிடுதல் தகும். மாலை வகுப்பு முடிந்து மிதிவண்டியில் வீடு திரும்பிய மாணவன் ஒருவனைத் தெருவில் மறித்துச் சாதிப் பெயர் சொல்லி அடித்துவிட்டனர். செய்தி பரவிய அரை மணி நேரத்தில் நம் வாசலில் இளைஞர்கள் திரண்டுவிட்டனர். சிலர் கையில் தடியும் இருந்தது. அப்போது வகுப்பு நடத்திக்கொண்டிருந்த மூத்த ஆசிரியர் ஒருவர் எழுந்து, “போகத்தான் வேண்டும். ஆனால் முதலில் உட்காருங்கள். அடித்தவர் யார், எந்த இடம், எத்தனை மணி, கண்டவர் எவர், சொல்லிய சொல் என்ன என்று இந்த ஐந்தையும் எழுதுங்கள். எழுதி முடித்தபின் கோபம் மிச்சமிருந்தால் நானும் உங்களோடு வருகிறேன்” என்றார். சாக்பீசு பிடித்த கைகளே தாளையும் பிடித்தன. நள்ளிரவு வரை எழுதினார்கள். பின்னர் முழந்தாளிட்டுச் செபித்தோம். அடித்தவர்களுக்காகவும் செபிக்கவேண்டுமென்று அவர் சொன்னபோது சிலர் எழுந்து வெளியே போய் நின்றார்கள். அதனையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. விடிந்ததும் அனைவருமாய்ச் சென்று, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுத்தோம்.

வழக்கு நெடுநாள் இழுத்தது. ஆனால் எதிர்வழக்கு என்று நம் பிள்ளைகள் ஒருவர்மீதும் ஒரு வரிகூட எழுத இடமிருக்கவில்லை. அன்றிரவு தடியோடு வந்தவர்களுள் இருவர் இன்று அரசுப் பணியில் இருக்கின்றனர். அன்று அவர்கள் கை நீண்டிருந்தால், பணிக்கு முன் நடைபெறும் காவல்துறை விசாரணையிலேயே அவர்கள் வாழ்வு நின்றுபோயிருக்கும். அடிபட்டவனையே குற்றவாளியாக்குவதுதான் பல இடங்களில் பகைவர் கையாளும் சூழ்ச்சி. அச்சூழ்ச்சிக்கு நம் சினமே கருவியாகிவிடலாகாது.

முடிவாக

இன்று கூடுவாஞ்சேரி பழைய கூடுவாஞ்சேரியன்று. நந்திவரத்தோடு சேர்ந்து நகராட்சியாகிவிட்டது. வயல்கள் மனைகளாயின, மனைகளின் விலை உயர உயர, பழைய பட்டாக்களின்மேல் புதிய கண்கள் விழுகின்றன. இழிசொல்லும் தெருவைவிட்டுக் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது. முன்னோர் காலத்தில் நம் சினம் பலிக்காத இடத்தில் இருந்தது. இன்றோ நம்மிடம் கல்வி உண்டு, வாக்கு உண்டு, வழக்கறிஞர் உண்டு, எண்ணிக்கையும் உண்டு. சினம் பலிக்கக்கூடிய இடத்திற்கு நாம் வந்து சேர்ந்துவிட்டோம். ஆகவே வள்ளுவர் சொன்ன மெய்யான அடக்கத்தின் சோதனை நமக்கு இப்போதுதான் தொடங்குகிறது எனலாம்.

அன்பார்ந்த இளைஞர்களே! உங்கள் சினத்தை அணைத்துவிடும்படி நாம் கேட்கவில்லை. அடுப்பிலிட்ட நெருப்பு சோறாக்கும்; கூரையிலிட்ட நெருப்பு குடிசையைத்தான் எரிக்கும். உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ பழைய பட்டா ஒன்று, தர்க்காஸ்து ஒன்று, ஞானஸ்நானச் சீட்டு ஒன்று இருக்குமாயின் அதனை எடுத்துப் படியுங்கள். ஒரு படிவம் எடுத்து நம் சங்க நூலகத்தில் வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், வேலை போகுமென்று அறிந்தும், கைநாட்டு வைத்துச் சொன்ன சாட்சியினால் பிறந்தது நம் கல்வி. அச்சாட்சியை அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் தொடர்ந்து சொல்லுதல், படித்த நம் கடமையாகும்.