கிரேலிங் ஊரில் கிரேலிங் மீன் இல்லை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வடக்கே காட்டுப் பகுதியில், கிரேலிங் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அது ஒரு மீனின் பெயர். முதுகில் பாய்மரம் மாதிரி விரியும் பெரிய துடுப்பு கொண்ட, பார்க்க ரொம்ப அழகான குளிர்நீர் மீன். ஊரை ஒட்டி ஓடும் ஆ சேபிள் ஆற்றில் ஒரு காலத்தில் கொட்டிக் கிடந்தது. இப்போது மீன் போய்விட்டது, பெயர் மட்டும் ஊருக்கு நிலைத்துவிட்டது.

இதே ஆற்றங்கரையில், ஜார்ஜ் கிரிஃபித் என்பவரின் வீட்டில், 1959 ஜூலையில் 16 பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயர் டிரவுட் அன்லிமிடெட். எல்லோரும் தூண்டில்காரர்கள். இன்றைக்கு அதற்கு உறுப்பினர்கள், ஆதரவாளர்கள் என்று சுமார் 3 லட்சம் பேர், 400க்குக் கொஞ்சம் முன்பின்னாகக் கிளைகள். வெளியே இருந்து பார்த்தால் வசதியானவர்களின் பொழுதுபோக்குச் சங்கம் மாதிரிதான் தெரியும். ஆனால் இந்தக் கதையை நான் தோண்ட ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு வினோதம்: மீன் பிடிக்கிறவர்களே அரசாங்கத்திடம் போய், "எங்களுக்காக ஆற்றில் மீன் விடாதீர்கள்" என்று கேட்டிருக்கிறார்கள்.

இது புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் மிச்சிகனின் வெள்ளைப் பைன் காடுகளை வெட்டித் தள்ளினார்கள். அந்தக் காலத்தில் மரத்துக்கு லாரி கிடையாது, ஆறுதான் சாலை. குளிர்காலம் முழுக்க வெட்டி ஆற்றங்கரையில் அடுக்குவார்கள். வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் வந்ததும் கட்டைகளை மொத்தமாக ஆற்றில் உருட்டி விடுவார்கள். கிரேலிங் முட்டையிடுவதும் அதே வசந்தத்தில்தான், ஆற்றடியிலுள்ள கூழாங்கல் படுகையில்தான். ஆயிரக்கணக்கான கட்டைகள் அந்தப் படுகையை உரசிக்கொண்டு போனால் என்ன மிஞ்சும்? மரம் போனதால் கரையில் நிழலும் போனது. தண்ணீர் சூடேறியது. கரை மணல் சரிந்து படுகையை மூடியது. போதாக்குறைக்கு ரயில் வந்தது, ரயிலோடு சுற்றுலாத் தூண்டில்காரர்கள் வந்தார்கள். பிடித்த மீனைப் பீப்பாய் பீப்பாயாக நகரங்களுக்கு அனுப்பினார்கள்.

கிரேலிங் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்ப டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். முதலில் புரூக் டிரவுட். பழுப்பு டிரவுட் ஜெர்மனியிலிருந்து முட்டையாகக் கப்பலேறி வந்தது. 1884இல் மிச்சிகனின் பெரே மார்க்கெட் ஆற்றுப் பகுதியில் அதன் குஞ்சுகளை விட்டார்கள். 1930களில் மிச்சிகனில் கிரேலிங் முற்றிலும் அழிந்தது. ஆக, 1959இல் கிரிஃபித் வீட்டில் கூடியவர்கள் காப்பாற்ற நினைத்த மீன்களே அந்த ஆற்றுக்கு வந்தேறிகள். இதை மனதில் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

(நமக்கும் இதில் ஒரு கிளைக்கதை உண்டு. அமெரிக்க மேற்குக் கடலோர ஆறுகளைச் சேர்ந்த வானவில் டிரவுட்டை ஆங்கிலேயர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி ஓடைகளில் விட்டார்கள். ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள அவலாஞ்சியில் இதற்கென்றே ஒரு குஞ்சு பொரிப்பகம் உண்டு.)

டிரவுட் ஏன் இவ்வளவு செல்லம் கொஞ்சும் மீன்? தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு ஆக்சிஜன் அதில் கரைந்திருக்கும். நம் கெண்டை, விரால் எல்லாம் வெதுவெதுப்பான கலங்கல் நீரிலும் சமாளித்துவிடும். டிரவுட்டுக்கு 20 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே திண்டாட்டம். ஆ சேபிள் ஓடுவது பனிப்பாறைக் காலம் விட்டுப்போன மணல் மேட்டில். மழையும் பனியும் மணலுக்குள் இறங்கி, ஊற்றாக ஆற்றுக்கு வருகிறது. அதனால் கோடையிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும், அளவும் பெரிதாக ஏறி இறங்காது. மீனின் உயிர் ஆற்றில் மட்டுமில்லை, ஆற்றைச் சுற்றியுள்ள நிலத்திலும் இருக்கிறது.

1950களில் அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்றால், சிமெண்ட் தொட்டியில் டிரவுட்டைத் தீனி போட்டு வளர்த்து, பிடிக்கிற அளவுக்கு வந்ததும் லாரியில் ஏற்றி ஆற்றில் கொட்டியது. லாரி வரும் நாள் தெரிந்தால் பின்னாலேயே தூண்டிலோடு கூட்டம். சில நாட்களில் மீன் காலி. அடுத்த சீசனுக்கு மறுபடியும் லாரி. எங்கள் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறோம். மெமரி கசிந்து சர்வர் படுத்துக்கொள்ளும். ஏன் என்று பார்க்காமல் தினமும் ராத்திரி ரீஸ்டார்ட் போட ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று மெயில் அனுப்புவார்கள்.

கிரிஃபித் வெறும் தூண்டில்காரர் இல்லை, மாநில இயற்கைவளப் பாதுகாப்பு ஆணையத்தில் உறுப்பினராக இருந்தவர். உள்ளே இருந்து பார்த்தவர். வாத்து வேட்டைக்காரர்கள் 1937இல் தொடங்கிய டக்ஸ் அன்லிமிடெட் அவருக்கு முன்மாதிரி. வேட்டைக்காரர்களே சதுப்பு நிலங்களைக் காப்பாற்றும் அமைப்பு அது. அவருடைய நண்பர் ஜார்ஜ் மேசன் அதில் ஈடுபாடு உள்ளவர். நாஷ்-கெல்வினேட்டர் கம்பெனியின் தலைவர் (ஆமாம், நம்மூரில் ஃபிரிட்ஜ் பெயராகத் தெரியுமே, அதே கெல்வினேட்டர்). 1954இல் இறந்தபோது ஆ சேபிளின் தெற்குக் கிளையை ஒட்டிய சுமார் 1,500 ஏக்கரை மாநிலத்துக்கு எழுதிவைத்தார். மூன்றாவது முக்கியமான ஆள் ஆர்ட் நியூமன். சாகினா என்ற ஊரில் 'வானிகாஸ்' என்ற பெயரில் தூண்டில் கோல் செய்தவர். அது என்ன பெயர் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், சாகினாவின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து எழுதினால் அதுதான் வரும். சங்கத்துக்குக் கொள்கை கொடுத்தவர் என்று நியூமனைத்தான் சொல்ல வேண்டும்: முதலில் மீனைக் கவனி, பிறகு மீன்பிடிப்பு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். சங்கம் தொடங்கிய சில ஆண்டுகளில் மிச்சிகன் அரசு தொட்டி மீன் கொட்டுவதைக் குறைத்து, ஆற்றிலேயே பிறக்கும் மீன் பக்கம் திரும்பியது.

இதற்கு அறிவியல் ஆதாரம் பிறகு மொன்டானாவிலிருந்து வந்தது. டிக் வின்சென்ட் என்ற மாநில மீன்வள ஆய்வாளர் 1960களின் கடைசியில் மேடிசன் ஆற்றில் ஒரு காரியம் செய்தார். வழக்கமாக மீன் விடும் பகுதியில் விடுவதை நிறுத்தினார். இதுவரை விடாத ஓர் ஓடையில் விட ஆரம்பித்தார். எங்கள் பாஷையில் சொன்னால் சுத்தமான ஏ/பி டெஸ்ட். நிறுத்திய இடத்தில் காட்டு டிரவுட் பெருகியது, புதிதாக விட்ட ஓடையில் ஏற்கெனவே இருந்த மீன் குறைந்தது. தொட்டி மீன் ஆற்று மீனுக்குத் துணை இல்லை, இடைஞ்சல்! உள்ளூர்க் கடைக்காரர்களும் தூண்டில்காரர்களில் பலரும் சண்டைக்கு வந்தார்கள். இருந்தாலும் 1974இல் மொன்டானா, காட்டு டிரவுட் உள்ள ஆறுகளில் தொட்டி மீன் விடுவதையே நிறுத்தியது.

ஃப்ளை ஃபிஷிங் பற்றி ஒரு வார்த்தை. புழு கிடையாது, தக்கையும் ஈயக்குண்டும் கிடையாது. முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிக்கு எடையே இல்லை. கனமான நரம்பை வீசும் வேகத்தில்தான் பூச்சி போய் விழும். கிரிஃபித் பெயரில் ஒரு பொய்ப்பூச்சி இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. 'கிரிஃபித்ஸ் நாட்' என்று பெயர். கொசு அளவுதான். சுற்றிலும் வரிபோட்ட சேவலின் இறகு, உடம்புக்கு என்ன தெரியுமா, மயில் தோகை இழை! நம் ஊர்ப் பறவையின் இறகைக் காட்டி மிச்சிகன் மீனை ஏமாற்றுகிறார்கள். இந்த ஆட்கள் பூச்சியைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள். எந்தப் பூச்சி எந்த மாதத்தில் ஆற்றிலிருந்து எழும்பும் என்பது அத்துபடி. பூச்சி குறைந்தால் முதலில் கண்டுபிடிப்பதும் இவர்கள்தான். பொழுதுபோக்குச் சங்கம் பாதுகாப்புச் சங்கமாக மாறியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

பிற்பாடு சண்டை அணைகளோடு. மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றின் குறுக்கே 1837இல் கட்டிய எட்வர்ட்ஸ் அணை வெறும் 3.5 மெகாவாட் மின்சாரத்துக்காக மீன்களின் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. டிரவுட் அன்லிமிடெட் உள்ளிட்ட நான்கு அமைப்புகள் கூட்டணி வைத்துப் பல வருடம் போராடின. உரிமையாளர் மறுத்தும் 1997இல் அணையை அகற்றச் சொல்லி மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. அப்படி ஓர் உத்தரவு அதுதான் முதல் முறை. 1999 ஜூலை 1 அன்று அணையை உடைத்தார்கள். அதன்பின் கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் ஏல்வைஃப் மீன்கள் லட்சக்கணக்கில் திரும்பின. அது டிரவுட்டே இல்லை, மத்தி இனத்துக்குச் சொந்தக்கார மீன்.

ஓரமாக வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். வந்தேறி டிரவுட்டுக்காக ஆற்றைக் காப்பாற்றுவது பாதுகாப்பா, இல்லை நல்ல தூண்டில் மைதானம் தயாரிப்பதா? இதை விமர்சகர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. என் பார்வையில், ஆறு குளிர்ந்தும் தெளிந்தும் இருந்தால்தான் பழைய மீன் திரும்புவதைப் பற்றிப் பேசவே முடியும். 2016இல் மிச்சிகன் மாநில அரசும் லிட்டில் ரிவர் ஒட்டாவா பழங்குடியினரும் சேர்ந்து கிரேலிங்கைத் திரும்பக் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அலாஸ்காவிலிருந்து முட்டை கொண்டுவந்து தாய்மீன்களை வளர்த்தார்கள். 2025 மே மாதம் சுமார் 4 லட்சம் முட்டைகள் மூன்று பழங்குடிகளின் கைக்கு வந்தன. இந்த முறை லாரி மீன் இல்லை. ஆற்றங்கரையிலேயே ஒரு வாளி மாதிரி பாத்திரம், அதற்குள் ஆற்று நீர் ஓடிக்கொண்டே இருக்கும், முட்டை அதிலேயே பொரிந்து குஞ்சு தானாக ஆற்றுக்குள் நீந்திப் போகும். முதல் நாளிலிருந்தே அந்தத் தண்ணீர்தான் அதற்குத் தெரிந்த தண்ணீர்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது ஆய்வாளர்கள் பார்த்த முக்கியமான விஷயங்களில் ஒன்று, அங்கே பழுப்பு டிரவுட் எவ்வளவு இருக்கிறது என்பது. கிரேலிங் குஞ்சை அது தின்றுவிடும். முட்டைகள் போன இடங்கள் மனிஸ்டீ, போர்ட்மன், மேப்பிள் ஆற்றுப் பகுதிகள். கிரேலிங் ஊர் வழியாக ஓடும் ஆ சேபிள் அந்தப் பட்டியலில் இல்லை.