துவக்கின் முதலெழுத்து

இவ்வாரம் ஒரு சொல்லின் பிறப்பைப் பற்றிப் பேசுவதாகவே எண்ணியிருந்தேன். ஆனால் எடுத்துக்கொண்ட சொல் என்னை இலக்கணத்தோடு நிற்கவிடவில்லை. வரலாற்றுக்குள் இழுத்துச் சென்று, கடைசியில் என் வகுப்பறை மேசைக்கே கொண்டுவந்து விட்டது. அந்தச் சொல் 'துவக்கு'.

தமிழகத்தார் துப்பாக்கி என்பதை நாங்கள் யாழ்ப்பாணத்தில் துவக்கு என்போம். பத்தாம் வகுப்பில் ஒரு நாள் மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், சண்டையைத் துவக்கிறதாலதானே அதுக்குத் துவக்கு எண்டு பேர்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. துப்பாக்கி என்பது துருக்கியரின் மொழியிலிருந்து பல வாய்கள் மாறி வந்த சொல் என்றும், நமது துவக்கும் சிங்களவரின் 'துவக்குவ'வும் அந்தச் சொல்லின் உறவுகளே என்றும் விளக்கினேன். சொற்பிறப்பின்படி அவன் சொன்னது பிழை. ஆனால் அன்றிரவு யோசித்துப் பார்த்தபோது, அவன் அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டுவிட்டான் என்று தோன்றியது. துவக்கின் வரலாறு முழுவதும், குழலுக்குள் கிடக்கும் மருந்தில் நெருப்பைத் துவக்குவது எப்படி என்ற ஒரே கேள்வியின் வரலாறுதான்.

1560ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் சங்கிலி மன்னன்மேல் படையெடுத்து நல்லூருக்கு வந்தார்கள். அவர்கள் தோளிற் சுமந்தது திரித் துவக்கு. புகைந்துகொண்டிருக்கும் கயிற்றுத் திரியை மருந்திற் தொடவைத்தால்தான் அது வெடிக்கும். நமது மாரி மழையில் நனைந்த திரியோடு நின்ற வீரன் வெறும் இரும்புத்தடியோடு நின்றவனே. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். 1795இல் பிரித்தானியரிடம் கொடுத்தார்கள். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் திரி போய், இரும்பில் மோதிப் பொறி பறக்கும் சக்கிமுக்கிக் கல் வந்துவிட்டது. கோட்டை கைமாறியது போலவே நெருப்பும் கைமாறிற்று.

அடுத்த மாற்றத்தைச் செய்தவர் படைத்தலைவர் அல்லர்; ஒரு பாதிரியார். ஸ்கொத்லாந்தின் பெல்கெல்வி என்ற ஊரில் இருந்த அலெக்சாண்டர் போர்சித் பறவை வேட்டையில் நாட்டமுள்ளவர். கல்லிலிருந்து பொறி பறந்து, வெளியிலிருக்கும் மருந்து மின்னி, அதன்பின் குழல் வெடிப்பதற்கிடையில் பறவை வெளிச்சத்தைக் கண்டு தப்பிவிடும். அடித்த மாத்திரத்தில் தீப்பற்றும் இரசாயனப் பொருளால் அந்த இடைவேளையை ஒழிக்கலாம் என்று கண்டு, 1807இல் அவர் காப்புரிமை பெற்றார். பின்னர் அந்தப் பொருள் ஒரு சின்னஞ்சிறு செப்புத் தொப்பிக்குள் அடங்கியது. அதுதான் கேப்பு.

கேப்பை நான் சிறுவயதிலேயே கண்டிருக்கிறேன். வன்னியில் எங்கள் அப்புவிடம் பன்றிக்காவலுக்கு ஓர் இடியன் துவக்கு இருந்தது. வாய்வழியே மருந்தை இட்டு இடிப்பதால் அதற்கு இடியன் என்று பேர். மருந்தைப் பரணில் வைப்பார். கேப்புகளை மட்டும் எண்ணெய்த்தாளில் சுற்றித் தகரப்பெட்டியில் போட்டுத் தன் தலைமாட்டில் வைத்திருப்பார். "மருந்து நனைஞ்சால் காயவைக்கலாம், இது நனைஞ்சால் துவக்கு ஊமையடா" என்பார்.

இடியனின் கேப்பு வெளியில் நின்றது. அதைத் தோட்டாவின் அடியிலேயே பதித்தபோது பிறைமர் பிறந்தது. கோது, மருந்து, சன்னம், பிறைமர் ஆகிய நான்கும் சேர்ந்ததே இன்றைய தோட்டா. 1866இல் இரண்டு இராணுவத்தார் இருவகைப் பிறைமர்களுக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஒருவர் அமெரிக்கரான பேர்டன். மற்றவர் ஆங்கிலேயரான பொக்சர். பிறைமருக்குள் இருக்கும் பொருள் நசுங்குவதற்கு, கொல்லன் பட்டறையில் இருப்பது போல ஒரு சிறு பட்டடை வேண்டும். பேர்டன் அதைக் கோதிலேயே அமைத்தார். பொக்சர் பிறைமருக்குள் வைத்தார். பொக்சர் முறையில் கோதின் அடியில் நடுவே ஒரே துளை. ஓர் ஊசியால் தள்ளினால் பழைய பிறைமர் கழன்று விழும். பேர்டன் முறையில் வழக்கமாக இரண்டு சிறு துளைகள் நடுவைவிட்டு விலகி இருப்பதால் அது எளிதன்று. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் வேரூன்றின.

வெடித்த கோதை வீசாமல் அதில் புதிய பிறைமரும் மருந்தும் சன்னமும் இட்டு மறுபடி பயன்படுத்துவது அமெரிக்காவில் இலக்குச் சுடுவோரிடையே பரவலான வழக்கம். பொக்சர் முறை அதற்கு வாய்ப்பாயிற்று. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள்கள் சட்டமும் இருக்க, அனுமதியின்றி யாரும் இதில் கைவைக்க முடியாது. ஆயினும் அவர்களுடைய நூல்களைப் படித்தபோது ஒரு தமிழாசிரியனாக எனக்குத் தொல்காப்பியமே நினைவுக்கு வந்தது. தமிழில் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலாகி வருவதில்லை. எவை வரும், எவை வாரா என்று தொல்காப்பியர் வகுத்தே வைத்தார். அதுபோல எல்லாப் பிறைமரும் எல்லாத் தோட்டாவுக்கும் முதலாவதில்லை.

கைத்துவக்குகளுக்கான பிறைமரில் ஏறத்தாழ 4.4 மில்லிமீற்றர் அகலமுள்ள சிறியதும், 5.3 மில்லிமீற்றர் அகலமுள்ள பெரியதும் உண்டு. அகலம் மட்டும் பொருந்தினாற் போதாது. கைத்துவக்கின் ஊசி மெல்ல அடிப்பதால் அதன் பிறைமரின் தகடு மெல்லியது. நீள்துவக்குக்குரிய தடித்த தகட்டை அதில் இட்டால் வெடிக்காமலே போகலாம். மெல்லிய தகட்டை நீள்துவக்கில் இட்டாலோ அழுத்தம் தாங்காமல் தகடு துளைபட்டுச் சூடான வாயு பின்புறம் பாயும். மெதுவாக எரியும் மருந்து மிகுதியாக உள்ள தோட்டாவுக்குச் சுவாலை கூடிய 'மக்னம்' பிறைமர் வேண்டும். பிறைமரின் வகையை மாற்றினால் மருந்தின் அளவையும் குறைத்து முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அவர்களின் கண்டிப்பான விதி. பருப்பளவான பொருள் முழுத்தோட்டாவின் இயல்பையே மாற்றிவிடும்.

இன்னொரு செய்தி ஆனையிறவைக் கண்ட நமக்கு எளிதில் விளங்கும். பழைய பிறைமர்கள் எரிந்தபின் குழலுக்குள் உப்பைப் படியவிட்டன. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். அதனால்தான் அக்காலப் பிரித்தானியப் படைவீரர் சுட்டு முடிந்ததும் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். 1920களில் ஜேர்மனியர் துருவேற்றாத பிறைமரைச் செய்தனர். அதன்பின் ஈரம் புகாதபடி அரக்குப்பூச்சும் சேர, அப்பு தலைமாட்டில் வைத்துக் காத்த பலவீனம் தோட்டாவை விட்டு நீங்கியது. இனி அது நனைந்தாலும் ஊமையாகாது. இதைத்தான் மனிதன் முன்னேற்றம் என்றான்.

அந்த முன்னேற்றம் என் மேசைக்கு வந்தது. சொல்லைப் பற்றிக் கேட்ட அதே மாணவன், சில நாள் கழித்துக் காற்சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். "சேர், அப்பா தோட்டம் கொத்தேக்கை வந்தது. இது வெடிச்சதோ, வெடிக்காததோ?" மண்ணிறம் ஏறிய தோட்டா. சன்னம் அப்படியே இருந்தது. அடியில் பிறைமரின் வட்டம் ஒரு வடுவுமின்றி இருந்தது.

"ஒருத்தரும் தொடக்கூடாது. எல்லாரும் வெளியில போங்கோ" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அதிபர் பொலிசாருக்கு அறிவித்தார். அவர்கள் வந்து எடுத்துச் சென்றார்கள். போர் 2009இல் முடிந்தது. அந்த மாணவன் அதன்பின் பிறந்தவன். அவன் பிறப்பதற்கு முன்பே மண்ணுக்குள் போன அந்தப் பிறைமர் மட்டும், தன்மேல் விழவேண்டிய ஓர் அடிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

என் தலைமுறை தொண்ணூறுகளில் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி விசிலடித்து விளையாடிய தலைமுறை. அடியில் குழி விழுந்திருந்தால் அது செத்தது என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. அந்தக் கணக்கும் பிழை என்று இப்போது அறிவேன். ஊசி பட்டும் வெடியாமற் போன தோட்டா, குழியோடும் உயிரோடும் கிடக்கும். முகமாலையில் போர் முடிந்து பல ஆண்டுகளாகியும் மண்ணை அங்குலம் அங்குலமாகத் துழாவிக் கண்ணிவெடி எடுத்தவர்களைக் கண்டவர்களுக்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. மண்ணிலிருந்து வருவது எதுவானாலும், குழி இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பது பிள்ளைகளின் வேலையல்ல. தொடாமல் விட்டுப் பெரியவர்களிடம் சொல்வதே அவர்களின் வேலை.

அடுத்த நாள் அந்த மாணவன் தயங்கித் தயங்கி வந்தான். "சேர், நான் கேட்டது பிழையோ?" என்றான். "இல்லைத் தம்பி, பைக்குள்ள வைச்சுக் கொண்டுவந்ததுதான் பிழை" என்றேன். பிறகு கரும்பலகையில் 'துவக்கு' என்று எழுதினேன். பெயர்ச்சொல்லாக அதற்குத் துருக்கியர் தந்த பொருள் ஒன்று. ஏவல் வினையாக நமது மொழி தரும் பொருள் வேறொன்று என்று விளக்கினேன். இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு எழுதச் சொன்னபோது அவன் எழுதிய வாக்கியம் இது:

"அப்பா, தோட்டத்தில் நடுகையைத் துவக்கு."

அப்பாவை 'துவக்குங்கோ' என்றல்லவா சொல்லவேண்டும் என்று திருத்தினேன். மற்றபடி முழுப் புள்ளி போட்டேன்.