பொழி முறிஞ்சா உள்ளே வருவது

மணக்குடிக் காயலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாலத்தில்தான் ஆரம்பிப்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்துக்கொண்டு போன பாலம். நான் மீன் முட்டையில் ஆரம்பிக்கிறேன்.

பழையாறு நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணி கொடுத்து, நாகர்கோவில் பக்கம் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு, சுசீந்திரம் தாண்டி, கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவில் கடலில் சேருகிறது. சேருகிறது என்பதுகூட வருஷம் பூராவும் சரியில்லை. கோடையில் அலை மணலைத் தள்ளி வாயை அடைத்துவிடும். ஐப்பசி மழையில் வெள்ளம் வந்தால் பொழி முறியும். இல்லாவிட்டால் ஆட்கள் வெட்டிவிடுவார்கள்.

"பொழி முறிஞ்சாத்தான் மடவைக் குஞ்சு உள்ள ஏறும், பாத்துக்கிடுங்க" என்றார் அங்கே ஒரு பெரியவர். இந்த ஒரு வரிக்கு அறிவியல் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று தேடிப் பார்த்தேன்.

1860-களில் நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளில், காட் மீனின் முட்டை தரையில் கிடப்பதில்லை, மிதக்கிறது என்று சார்ஸ் கண்டுபிடித்தார். அவர் நாட்டுக்காரரான யோர்ட் 1914-ல் இன்னொன்று சொன்னார்: எத்தனை முட்டை இட்டது என்பதைவிட, பொரித்த குஞ்சில் எத்தனை பிழைத்தது என்பதுதான் பின்னால் வரும் மீன்பாட்டைத் தீர்மானிக்கிறது. 1920-களில் டெல்ஸ்மன் ஜாவாக் கடலின் முட்டைகளை இனம் இனமாக வரைய ஆரம்பித்தார். சென்னையில் கேசவ பணிக்கரும் கோபால அய்யரும் உவர்நீர் உயிர்களைப் பற்றி 1937-லும், அவற்றின் இனப்பெருக்கம் பற்றி 1939-லும் கட்டுரைகள் எழுதினார்கள். மணக்குடி மாதிரியே மணல் அடைக்கிற அடையாற்று முகம் சென்னைக்குள்ளேயே இருக்கிறதல்லவா? அப்போது மணக்குடி திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது.

இப்போது பெரியவர் சொன்னதுக்கு வருவோம். காயல் மீன் எல்லாம் ஒரே மாதிரி குஞ்சு வளர்ப்பதில்லை. கரிமீன் முட்டையைக் கல்லிலும் கட்டையிலும் ஒட்டவைத்து, ஆணும் பெண்ணும் காவல் நிற்கும். கடல் கெளுத்தியில் ஆண், முட்டையை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். 1952-ல் இந்தியாவுக்கு வந்த திலேப்பியாவில் இந்த வேலை பெண்ணுக்கு. மடவை அப்படியில்லை. அது கடலுக்குப் போய் முட்டை இடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து வளரும். வாய் அடைந்துகிடந்தால் சினை மீன் வெளியே போக முடியாது, குஞ்சு உள்ளே வர முடியாது. கரிமீனுக்கும் திலேப்பியாவுக்கும் அந்தக் கவலை கிடையாது.

ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான கஷ்டம் ஒன்று உண்டு. சாக்கடையும், அழுகப்போட்ட கதம்பலும் தண்ணியில் இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும். வளர்ந்த மீன் மேலே வந்து வாயைத் திறக்கும், அல்லது வேறு பக்கம் ஓடும். முட்டை எங்கே ஓடும்? செத்து மிதக்கிற மீனை எல்லாரும் பார்க்கிறோம், போட்டோ எடுக்கிறோம். பொரிக்காமல் போன முட்டை யார் கண்ணிலும் படுவதில்லை. அடுத்த வருஷம் வலை காலியாக வரும்போதுதான் தெரியும்; அதற்குள் காரணத்தை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

பொழியை எப்போது வெட்டுவது என்பதை வயலில் தண்ணி நிற்கிறதா, வீட்டுக்குள் ஏறுகிறதா என்று பார்த்து முடிவு செய்வார்கள். அது நியாயம்தான். அந்தக் கணக்கில் மடவைக் குஞ்சுக்கும் ஒரு இடம் கொடுத்தால் என்ன என்பதுதான் என் கேள்வி. பெரியவர் அந்தக் கணக்கை ரொம்ப காலமாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.