சங்கிலியிலிருந்து விடுபட்ட நூல்கள்

நூலகம் என்றதும் யாரும் சென்று படிக்கக்கூடிய ஒரு பொது இடமே இன்று நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் நூலகத்தின் நீண்ட வரலாற்றில் இது அண்மையில் தோன்றிய கருத்தேயாகும். அச்சுப்பொறி வருமுன் ஒவ்வொரு நூலையும் கையால் எழுதியே படியெடுக்க வேண்டியிருந்தது. ஆகவே நூல் அரும்பொருளாயிற்று. ஐரோப்பாவில் பல நூலகங்களில் நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்தனர். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு தேவாலயத்தில் அத்தகைய நூலகம் ஒன்றை இன்றும் காணலாம். அக்காலத்தில் நூலகரின் முதற்கடமை காவல் காப்பதே.

அச்சு நூல்கள் பெருகியபின் சங்கிலி மறைந்தது; ஆனால் காவல் மனப்பான்மை எளிதில் மறையவில்லை. அதனை மாற்றப் பாடுபட்டவர்களுள் ஒருவர் ஒரு கணித ஆசிரியர்.

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். தொடக்கத்தில் அப்பணி அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்ப விரும்பினார். ஆனால் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபோது, பொது நூலகங்கள் எல்லாத் தரத்து மக்களுக்கும் பயன்படுவதைக் கண்டார். அவர் எண்ணம் மாறிற்று.

1931-இல் வெளியான தம் நூலில் அவர் ஐந்து விதிகளை விளக்கினார். நூல்கள் பயன்படுவதற்காகவே உள்ளன. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலும் உரிய வாசகரை அடைய வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரி. கேட்பதற்கு எளியவை. ஆனால் முதல் விதியை ஏற்றால் அலமாரியைப் பூட்டி வைக்க முடியாது. இரண்டாவதை ஏற்றால் ஏழைக்கும் சிற்றூருக்கும் நூல் சென்றாக வேண்டும்.

நேரத்தை மிச்சப்படுத்த நல்ல பகுப்புமுறை வேண்டுமல்லவா? இலண்டன் கடையொன்றில், சில துண்டுகளையும் திருகாணிகளையும் பலவாறு இணைத்துப் பற்பல உருவங்களை அமைக்கும் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை இரங்கநாதன் கண்டார். அறிவுத் துறைகளையும் இவ்வாறே இணைக்கலாமே என்று எண்ணினார். 'நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்-கதிர் சிகிச்சை' என்பதை எடுத்துக்கொள்வோம். இதில் உறுப்பு, நோய், சிகிச்சை, கருவி எனப் பல கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு தந்து, முக்காற்புள்ளி போன்ற குறிகளால் இணைத்தார். 1933-இல் வெளிவந்த இது கோலன் பகுப்புமுறை எனப்படும். இன்று கணிப்பொறியில் ஆசிரியர், ஆண்டு, மொழி என்று கூறு கூறாகத் தேடலைச் சுருக்குகிறோமே, அதன் அடிப்படையும் இத்தகைய சிந்தனையேயாகும்.

அவரது முயற்சியின் பயனாக 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் தண்டப்பட்டது. நூலகம் செல்வர் தரும் கொடை என்ற நிலை மாறி, மக்கள் தம் பணத்தால் நடத்தும் உரிமையாயிற்று.

கைப்பேசியிலேயே நூல் கிடைக்கும் இந்நாளில் நூலகம் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். சென்னையில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன. வீட்டில் அமைதியாகப் படிக்க இடமில்லாத மாணவருக்கு இத்தகைய கூடங்களின் அருமை தெரியும்.

ஆயினும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அச்சு நூலை ஒருமுறை வாங்கினால் அது நூலகத்தின் உடைமை. மின்னூல்களும் ஆய்விதழ்களும் பெரும்பாலும் உரிமக் கட்டணத்தின் பேரில் கிடைக்கின்றன. கட்டணம் நின்றால் படிக்கும் வழியும் அடைபடக்கூடும். பழைய சங்கிலி கண்ணுக்குத் தெரிந்தது, இது தெரியாதது. இதனை அவிழ்க்கும் வழி காண்பதே நாளைய நூலகரின் பெரும்பணியாக இருக்கும். அப்பணியில் அவருக்குத் துணை நிற்க வேண்டியவர்கள், நூலக வரி செலுத்தும் நாமேயாவோம்.