பாங்குனா: ஒரு மலை குழியான கதை

பி.காம் படிப்பவனுக்கும் செப்புச் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். பங்குகளைப் பற்றித் தேடும்போதுதான் இது கண்ணில் பட்டது. ஒரு நிறுவனம் தன்னிடமிருந்த 53.8 சதவீதப் பங்குகளை 2016-ல் காசே வாங்காமல் கொடுத்துவிட்டது. தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள் :-)

அந்த நிறுவனம் ரியோ டின்டோ. 1873-ல் ஸ்பெயின் அரசின் பழைய சுரங்கங்களை வாங்கி லண்டனில் தொடங்கப்பட்டது. அங்கே ஓடும் ஆற்றின் பெயரே நிறுவனத்தின் பெயரானது. அது பெரிய கதை, இன்னொரு நாள் பார்ப்போம்.

நான் சொல்ல வந்தது பசிபிக் கடலில் உள்ள பூகன்வில் தீவு. 1960-களில், ஆஸ்திரேலியா ஆண்ட காலத்தில், பாங்குனா மலையில் செம்பு இருப்பது தெரிந்தது. அங்கே நிலம் தாய்வழியாக வருவது. ஆனால் சட்டப்படி மண்ணுக்கு அடியில் இருப்பது அரசாங்கத்துக்குச் சொந்தமாம்! 1969-ல் ரொரொவானாவில் துறைமுகத்துக்காக நிலம் எடுத்தபோது பெண்கள் குறுக்கே நின்றார்கள். போலீஸ் தடியால் அடித்து விரட்டியது.

1972-ல் உற்பத்தி தொடங்கியது. 1975-ல் விடுதலை பெற்ற பப்புவா நியூ கினியின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு இந்த ஒரே சுரங்கத்திலிருந்து வந்தது. நிலத்துக்காரர்களுக்குக் கிடைத்தது சொற்பம். நூறு கோடி டன்னுக்கும் மேலான கழிவு கவெராங், ஜாபா ஆறுகளில் போனது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் எத்தனையோ செலவு இனங்கள் படிக்கிறோம். கெட்டுப்போன ஆற்றை எந்தக் கணக்கில் பற்று வைப்பது?

1988 கடைசியில், அதே சுரங்கத்தில் வேலை பார்த்த பிரான்சிஸ் ஓனாவின் ஆட்கள் மின்கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1989 மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது. அரசு ராணுவத்தை அனுப்பியது. 1990-ல் தீவையே முற்றுகையிட்டதில் மருந்துகூடப் போய்ச் சேரவில்லை. 1998 வரை நீடித்த அந்தப் போரில் இறந்தவர்கள் 20,000 பேர் வரை இருக்கும் என்கிறார்கள்.

இப்போது அந்த இலவசப் பங்குக்கு வருவோம். பூகன்வில் அரசுக்கும் பப்புவா நியூ கினிக்கும் பங்குகளைப் பிரித்துக் கொடுத்த நிறுவனம், அந்தக் காலத்து விதிகளின்படியே நடந்தோம், சுத்தம் செய்யும் கடமை எங்களுக்கு இல்லை என்றது. 2020-ல் 156 கிராமவாசிகள் ஆஸ்திரேலியாவில் புகார் கொடுத்த பிறகுதான், பாதிப்பை ஆராயப் பணம் தர 2021-ல் ஒப்புக்கொண்டது. அந்த அறிக்கை வெளிவர 2024 டிசம்பர் ஆனது.

2019 வாக்கெடுப்பில் பூகன்வில் மக்கள் 97.7 சதவீதம் பேர் தனிநாடு கேட்டார்கள். தனிநாட்டுக்கு வருமானம் வேண்டுமே! அதற்கு அவர்களின் அரசு நம்பியிருப்பதும் அதே பாங்குனாவைத்தான்.