ஓடுற மெஷின் எந்த வெர்ஷன்?

சூரமங்கலத்துக்கு வெளியூரிலிருந்து வருகிற உறவினர்கள் ஒருமுறையாவது குழம்புவார்கள். போர்டில் இருப்பது சேலம் ஜங்ஷன். நிற்பது சூரமங்கலத்தில். 1861ல் ரயில் சேலத்துக்கு வந்தபோதே ஸ்டேஷன் ஊரைவிட்டுத் தள்ளித்தான் அமைந்தது. டவுனுக்குத் தனி ஸ்டேஷன் உண்டு. போர்டு ஒன்று சொல்லும், நிற்கிற இடம் வேறாக இருக்கும்.

போன மாதம் அதே ஜங்ஷன் பக்கம் டீ குடிக்கும்போது, சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் ஒருவர், "பேட்ச் போட்டாச்சுங்க, புது வெர்ஷன்னு காட்டுது, இனி கவலையில்ல" என்றார். "விஎம்களை எப்ப கடைசியா நிறுத்துனீங்க?" என்று கேட்டேன். "பத்து மாசமா நிக்காம ஓடுதுங்க!" பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பக்கென்றது.

ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போகணும்.

மெய்நிகர் இயந்திரம், அதாவது விஎம், மேகக் கணிமை காலத்துச் சரக்கு அல்ல. ஐபிஎம் 1967ல் சிபி-67 மூலமும், 1972ல் விஎம்/370 மூலமும் ஒரே பெரிய கணினியைப் பல கணினிகளாகப் பிரித்துக் கொடுத்தது. அங்கே அடியில் இருந்தது ஒரே கன்ட்ரோல் புரோகிராம். அதை மாற்றணும் என்றால் மொத்தக் கணினியையும் நிறுத்தி மறுபடி கிளப்பணும். அதனால் 'எந்த வெர்ஷன்?' என்ற கேள்விக்கு எல்லா விஎம்முக்கும் ஒரே பதில்.

லினக்ஸில் கதை மாறியது. ஃபப்ரீஸ் பெல்லார்ட் 2003ல் கியூஎமுவை வெளியிட்டார். 2007 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னலோடு கேவிஎம் சேர்ந்தது. இந்த ஜோடியில் ஒவ்வொரு விஎம்மும் தனித்தனி கியூஎமு புராசஸ். போன வருஷம் கிளம்பினது போன வருஷத்துக் கோடிலேயே ஓடும், நேற்று கிளம்பினது நேற்றைய கோடில் ஓடும். ஒரே சர்வர், ஆனால் பதில்கள் பல.

இதற்குக் காரணம் யூனிக்ஸின் பழைய குணம். வட்டில் ஒரு ஃபைலை அழித்துவிட்டுப் புதியதை வைத்தாலும், பழையதைத் திறந்து வைத்திருக்கும் புராசஸ் முடியும்வரை பழையது உயிரோடுதான் இருக்கும்.

இது எவ்வளவு ஆபத்து என்று 2015 மே மாதம் தெரிந்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஜேசன் கெஃப்னர் 'வெனம்' என்ற ஓட்டையைக் கண்டுபிடித்தார். கியூஎமுவின் ஃப்ளாப்பி கன்ட்ரோலர் கோடில் அது 2004லிருந்தே இருந்தது. ஃப்ளாப்பியை நாம் மறந்தே போயிருந்தோம், கோடு மறக்கவில்லை! விஎம்முக்குள் இருப்பவர் அந்த ஓட்டை வழியாக வெளியே வந்து, சர்வரையே பிடிக்க வாய்ப்பு இருந்தது. பேட்ச் உடனே வந்தது. கூடவே ரெட் ஹேட் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தது: விஎம்மை முழுசாக அணைத்து மறுபடி கிளப்பணும், உள்ளே இருந்து ரீபூட் செய்தால் போதாது. ரீபூட்டில் விஎம்முக்குள் இருக்கும் இயங்குதளம்தான் மறுபடி தொடங்கும். வெளியே அதே பழைய புராசஸ்தான். அணைக்கவே முடியாத விஎம் என்றால், பேட்ச் போட்ட வேறொரு சர்வருக்கு லைவ் மைக்ரேஷன் செய்யலாம். அங்கே அது புதிய புராசஸில் ஓடும்.

அப்போ சரியாகப் பார்ப்பது எப்படி?

பேக்கேஜ் பட்டியல் சொல்வது வட்டில் இருப்பதை மட்டும். 'விர்ஷ் வெர்ஷன்' கமாண்டில் 'ரன்னிங் ஹைப்பர்வைசர்' என்றே ஒரு வரி வரும். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதுவும் வட்டில் உள்ள கியூஎமுவைப் பார்த்துச் சொல்வதுதான். விஎம்மின் மெஷின் டைப்பில் இருக்கும் எண்ணும் உதவாது. அது விஎம்முக்குக் காட்டப்படும் வன்பொருளின் வடிவம், கியூஎமுவைப் புதுப்பித்தாலும் அப்படியே நிற்கும்.

ஓடுகிற புராசஸிடமே கேட்கணும். விர்ஷ் வழியாக அந்தந்த விஎம்மின் மானிட்டருக்கு 'இன்ஃபோ வெர்ஷன்' அனுப்பினால், அது தன் வெர்ஷனைத் தானே சொல்லும். இல்லையென்றால் 'ப்ராக்' அடைவில் அந்தப் புராசஸின் எண்ணுக்குக் கீழே 'எக்ஸி' இணைப்பைப் பாருங்கள். ஓரத்தில் 'டெலீட்டட்' என்று இருந்தால், வட்டில் ஃபைல் மாறிவிட்டது, இது இன்னும் பழையதில் ஓடுகிறது என்று அர்த்தம்.

அன்று ராத்திரியே நண்பர் போன் செய்தார். "எல்லாத்துலயும் டெலீட்டட்னு வருதுங்க." ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒவ்வொன்றாக அணைத்துக் கிளப்பப் போகிறாராம். பத்து மாசப் பெருமை போச்சே என்று கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.